13 கிலோமீட்டர் வெயில்

ஸ்ரீவைகுண்டம்

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தூத்துக்குடியில் உங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு படம் என்று ஆரம்பித்து, முதல் மாதமே 'கூழாங்கல்' போட்டிருக்கிறீர்கள். பாதிப் படத்தில் நாலைந்து பேர் எழுந்து போனதையும், "நடந்துக்கிட்டே இருக்காங்க, கதை எப்ப வரும்?" என்று ஒருவர் கேட்டதையும் வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. எழுந்து போனவர் அதை ஒரு முழுப் படமாக மதித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை, போய்விட்டார். அது அவர் உரிமை.

எனக்கு உறுத்தியது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர் சொன்னதுதான். "முதல் படம், கையில காசு இல்லாம எடுத்திருக்கான். இதுக்கு மேல என்னத்த எதிர்பார்க்க முடியும்? தட்டிக் கொடுக்கத்தான் வேணும்" என்றாராம். நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தத் தட்டிக் கொடுத்தலோடு எனக்குச் சண்டை இருக்கிறது. இந்தக் கடிதம் நீண்டுபோனால் அதுதான் காரணம்.

குறைந்த செலவில் எடுத்த படம் என்று தெரிந்த உடனே நாம் கண்ணைப் பாதி மூடிக்கொள்கிறோம். குறை தெரிந்தால் காசில்லை என்று விட்டுவிடுகிறோம். நிறை தெரிந்தால் தற்செயலாக அமைந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டிலும் படம் எடுத்தவனின் மூளைக்கு நாம் மரியாதை கொடுக்கவில்லை. 'கூழாங்கல்' படத்தில் நமக்குப் பிடித்தது, பிடிக்காதது எல்லாமே ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவுகள். அந்த முடிவுகளைத்தான் பேச வேண்டும் என்பது என் கட்சி.

படம் எங்கிருந்து கிளம்பியது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்காரர். சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவர். மதுரைப் பூ மார்க்கெட், திருப்பூர், பிறகு சென்னையில் ஒரு டிவிடி கடை என்று அவர் கடந்து வந்த இடங்களை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டிவிடி கடையில் வேலை பார்த்துக்கொண்டே உலகப் படங்களைப் பார்த்திருக்கிறார். இயக்குநர் சற்குணத்திடம் உதவியாளராக இருந்தார். பிறகு முருகபூபதியின் 'மணல்மகுடி' நாடகக் குழுவில் வேலை செய்தார். முருகபூபதி நம் மாவட்டத்துக் கோவில்பட்டிக்காரர். மண்ணும் உடம்பும் பேசுகிற அளவுக்கு வசனம் பேசாத நாடகங்கள் அவருடையவை. அந்தக் கரிசல் காற்று இந்தப் படத்துக்குள்ளும் வீசுகிறது என்று நான் நம்புகிறேன்.

வினோத்ராஜின் சகோதரியைக் கணவன் வீட்டில் விரட்டிவிட, அவர் கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்திருக்கிறார். அதைப் பார்த்த தம்பியின் மனதில் எழுந்த கேள்வி, இதே தூரத்தை அந்த ஆம்பளை நடந்தால் எப்படி இருக்கும் என்பது. படத்தின் கரு அதுதான். உங்கள் வட்டத்தில் கதை எப்போது வரும் என்று கேட்டவருக்கு இதைச் சொல்லுங்கள். அந்த நடைதான் கதை. ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட தண்டனையை எடுத்து ஒரு ஆணுக்குக் கொடுத்துப் பார்க்கிறது படம்.

குடிகாரன் கணபதி பள்ளிக்கூடத்துக்கு வந்து மகன் வேலுவை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவி சாந்தியைத் திரும்பக் கூட்டிவரப் போகிறான். பஸ்ஸில் சண்டை, மாமியார் வீட்டில் சண்டை. அங்கே போனால் சாந்தி இல்லை. அவள் ஏற்கெனவே வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். திரும்பி வர வைத்திருந்த பஸ் காசைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் கொளுத்துகிற வெயிலில் ஊர்வரைக்கும் நடக்கிறார்கள்.

அந்தப் பையன் நோட்டைக் கிழிக்கிற இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பேசிப் பயனில்லை, அடித்தால் திருப்பி அடிக்க முடியாது என்று தெரிந்த ஒரு சிறுவனின் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அது. நம்மை அம்மாவிடம் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ் அவளை அடிக்கிறவனையும் சேர்த்தே கொண்டுபோகும் என்று அவன் கணக்குப் போடுகிறான். அந்த ஒரு செய்கையில் கதைக்கு வழி திறக்கிறது. தயாரிப்புக்கும் அதே இடத்தில் வழி திறக்கிறது. அதற்கு மேல் படத்துக்குப் பெரிய கூட்டம் வேண்டாம், வீட்டு செட் வேண்டாம், இரவுக் காட்சிக்கு ஜெனரேட்டர் வேண்டாம். ஒரே பகல், ஒரே உடுப்பு, இரண்டு பேர், ஒரு நிலம். கையில் இருக்கிற காசுக்குள் அடங்குகிற ஒரு கதையைத் தேடிப் பிடித்து, அந்தக் கதைக்கு வேறு எந்த வழியும் பொருந்தாது என்று நம்மை ஒப்புக்கொள்ள வைப்பது எழுத்து வேலை. அதைக் காசு செய்து கொடுக்காது.

வெயில் இலவசம்தானே என்று நினைக்க வேண்டாம். பகலில் நடக்கிற கதையைப் படமாக்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலை 10 மணிக்கு எடுத்த நடையையும் பிற்பகல் 3 மணிக்கு எடுத்த நடையையும் அடுத்தடுத்து ஒட்டினால் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பக்கம் சாய்ந்த நிழல் அடுத்த ஷாட்டில் மறுபக்கம் சாய்ந்திருக்கும். உச்சி வெயில் போல் தெரிய வேண்டுமானால் ஒரு நாளில் கிடைப்பது சில மணி நேரம்தான். பெரிய படப்பிடிப்பில் நடிகர் தலைக்கு மேலே அகலமான வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை மட்டுப்படுத்துவார்கள், தெர்மோகோல் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்புவார்கள். இங்கே வெயில் முகத்தில் அப்படியே விழுகிறது. கருத்தடையானின் முகத்தில் கண்குழி இருண்டு, கன்னத்து எலும்பு மின்னுகிறது. சிறுவன் செல்லப்பாண்டி கண்ணைச் சுருக்கி நடப்பது நடிப்பு மாதிரித் தெரியவில்லை. விக்னேஷ் குமுலை, ஜெயபார்த்திபன் என்று இரண்டு ஒளிப்பதிவாளர்கள். கேமரா சில நேரம் நடப்பவர்களின் முதுகோடு ஒட்டிப் போகிறது. சில நேரம் வெகுதூரத்தில் நின்று, இரண்டு புள்ளிகள் நிலத்தில் ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தூரத்து ஷாட்டில்தான் உங்கள் ஆட்கள் எழுந்து போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அங்கே நமக்குக் கிடைப்பது தூரத்தின் எடை. 13 கிலோமீட்டர் என்று வசனத்தில் சொன்னால் அது ஒரு எண். இரண்டு பேர் திரையின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் நாமும் காத்திருந்தால், அது காலில் தெரிகிறது.

இசை யுவன் சங்கர் ராஜா. அவ்வளவு பெரிய பெயரை வைத்துக்கொண்டு படம் பெரும்பாலும் காற்றுக்கும் காலடிச் சத்தத்துக்கும் இடம் விட்டிருக்கிறது. இதுவும் ஒரு முடிவுதான்.

2023 அக்டோபர் 27 அன்று படம் சோனி லிவ் தளத்தில் வந்த பிறகு, நான் அதை இங்கே எங்கள் தெருக்காரர்கள் சிலரோடு டிவியில் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். வாலிபத்தில் வாழைத்தார் சுமந்தவர். வயலிலிருந்து லாரி நிற்கிற இடம்வரைக்கும் வரப்பிலும் சேற்றிலும் தாரைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த கழுத்து அவருடையது. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். வேலு தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்க புளியங்கொட்டையப் போட்டுக்கிடுவோம்லா. எச்சி ஊறிக்கிட்டே இருக்கும், ஒரு மைலு ஓடிரும்" என்றார். அதற்குப் பிறகு படம் முடிகிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பையன் வாயிலிருந்த கல்லை எடுத்து வைக்கிறான் இல்லையா, அங்கே அதே மாதிரி நிறையக் கற்கள் ஏற்கெனவே கிடக்கின்றன. "அய்யோ, எத்தன தடவ நடந்திருக்கு அந்தப் புள்ள" என்று அக்கா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு வசனம் இல்லாமல், ஒரு ஃப்ளாஷ்பேக் இல்லாமல், அந்தக் குடும்பத்தின் பல வருஷத்தை அந்தக் கற்குவியல் சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்து தமிழ் சினிமாவில் இவ்வளவு செலவு குறைந்த, இவ்வளவு நிறைந்த ஷாட் ரொம்பக் கொஞ்சம். அந்த அக்கா அதை ஒரு நொடியில் படித்தார். இந்த மாதிரிப் படம் சாமானிய ஜனங்களுக்குப் புரியாது என்று சொல்கிறவர்கள் யாரையும் நான் அன்றிலிருந்து நம்புவதில்லை.

முடிவில் பெண்கள் ஊற்றைச் சுற்றி உட்கார்ந்து, நிலத்துக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். கேமரா அவசரப்படுவதில்லை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இருக்கிற ஊர்க்காரனாகிய எனக்கு அந்தக் காட்சி ஒரு கதையாகத்தான் தெரிந்தது, பிற நாட்டு வழக்கத்தைப் பார்ப்பது போல. படம் பார்த்து இரண்டு மாதம் ஆகவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஆறு எங்கள் ஊருக்குள் வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள். நாலாபுறமும் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை. குடத்தை வைத்துக்கொண்டு நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அப்போது அந்தக் கடைசிக் காட்சி எனக்குக் கதையாகத் தெரியவில்லை.

படத்தில் பெண்கள் வருகிற இடங்களை நீங்கள் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கணபதி சண்டை போடுகிற பஸ்ஸிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்குகிறாள். கேமராவும் கணபதியை விட்டுவிட்டு அவளோடு இறங்குகிறது. இயக்குநரின் சகோதரி நடந்த நடைக்கு அது ஒரு வணக்கம் போல எனக்குப் படும். ஆண்களின் சத்தம் நடுவில் ஓடிக்கொண்டிருக்க, ஓரத்தில் பெண்கள் சத்தமில்லாமல் ஒரு வாழ்க்கையை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். எந்தச் சாந்தியைத் தேடி இவ்வளவு தூரம் போனார்களோ, அவள் இந்தப் பயணத்தில் இல்லை. அவளுக்கு வீட்டில் வேலை இருக்கிறது.

தட்டிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. மாமியார் வீட்டுச் சண்டை எனக்குச் சீரில்லாமல் தெரிந்தது. மற்ற இடங்களில் காத்திருக்கத் தெரிந்த படம் அங்கே கத்தலை நம்பிவிட்டது. வழியில் ஒரு குடும்பம் வளையில் புகை போட்டு எலி பிடித்துச் சுட்டுச் சாப்பிடுகிற காட்சி உண்டு. பட்டினியை அவ்வளவு அருகில் காட்டியதற்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு நடந்துபோகிற இருவரோடு என்ன உறவு என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வெளியூர்க்காரருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிற இடம் போல அது தனியாக நிற்கிறது. கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து அப்பன் முதுகில் பையன் அடிக்கிற இடம் அப்படி இல்லை. அது விளையாட்டும் வன்மமும் ஒன்றாகக் கலந்தது, அந்த வயசுக்கே உரியது. இதையெல்லாம் உங்கள் வட்டத்தில் சண்டை போட்டுப் பேசுங்கள். பெரியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் அந்தச் சண்டையில் தோற்றாலும் ஜெயித்தாலும் படத்துக்கு அது பெருமைதான்.

காசில்லாத முதல் படம் என்றதும் எல்லோரும் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், வேறு காரணத்துக்காக. ராய் இசைத்தட்டுகளை விற்றார், மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின, கடைசியில் மேற்கு வங்க அரசு சாலை மேம்பாட்டுக் கணக்கில் பணம் கொடுத்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது நாணல் காடு. அக்காவும் தம்பியும் ரயில் பார்க்க ஓடுகிற அந்தக் காட்சியைக் கொஞ்சம் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால், பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டிருக்கிறது. அடுத்த வருஷம் பூக்கிற வரைக்கும் காத்திருந்து மீதியை எடுத்தார். வேறு பூவை வைத்து ஒப்பேற்றவில்லை. காசில்லாதவனுக்குக் காத்திருப்புதான் மூலதனம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதைவிட, அந்தப் பூ வேண்டும் என்ற பிடிவாதம் பசியிலும் அவரிடம் குறையவில்லை என்பதுதான் பெரிது.

தமிழிலும் இதற்கு ஒரு வரிசை உண்டு. ஜெயகாந்தன் 1965-ல் எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்', ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978), செழியனின் 'டு லெட்', லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' எல்லாமே இயக்குநரின் முதல் படங்கள். 'டு லெட்' ஒரு குடும்பம் சென்னையில் வாடகை வீடு தேடுகிறது என்ற ஒற்றை இழையை வைத்துக்கொண்டு தேசிய விருது வரை போனது. 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்குகிற ஜனங்களின் நடை இருக்கிறது. 'கூழாங்கல்' நடைக்கு அது பங்காளி. அடுத்த மாதம் எதைப் போடுவது என்று யோசித்தால் அதைப் போடுங்கள்.

இனி எனக்குக் கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். படம் எடுக்கப் பணம் தட்டுப்பாடாகி, கோவா பிலிம் பஜாருக்குப் போய், இயக்குநர் ராம் கண்ணில் பட்டு, விக்னேஷ் சிவனும் நயன்தாராவும் தங்கள் ரவுடி பிக்சர்ஸ் வழியாகக் கை கொடுத்து, 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது 'கூழாங்கல்'. அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம். அதே வருஷம் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது. சரி. மேலூர்க்காரன் அதை எப்போது பார்த்தான்? இரண்டரை வருஷத்துக்கும் மேலே கழிந்து, 2023 அக்டோபரில், கைபேசியில். எந்த வெயிலை, எந்தத் தூரத்தை நான் மேலே இவ்வளவு நேரம் எழுதினேனோ, அதையெல்லாம் உள்ளங்கை அகலத்தில். நீங்கள் புரொஜெக்டர் வைத்துச் சுவரில் போட்டுக் காட்டியதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இந்தப் படத்துக்கு நியாயமான முதல் மரியாதை அதுதான்.

தரமான சிறு படங்களுக்குத் தலா 7 லட்சம் ரூபாய் மானியம் என்று தமிழ்நாடு அரசில் ஒரு திட்டம் உண்டு. கிடைக்கிறவர்களுக்கு அது உதவிதான். ஆனால் திரை கிடைக்காத படத்துக்கு மானியம் எதைத் தீர்க்கும்? சின்னப் படத்துக்குக் காலை 11 மணிக் காட்சி ஒன்று கொடுத்து, கூட்டம் இல்லை என்று திங்கள்கிழமை தூக்கிவிடுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. வேலைக்குப் போகிற ஜனம் காலை 11 மணிக்கு எப்படி வரும்? கேரளாவில் அரசே திரையரங்குகள் நடத்துகிறது. 1996-ல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வந்து வந்து ஒரு பார்வையாளர் கூட்டம் உருவாகியிருக்கிறது. அதற்கும் முன்னால், மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா குழு நண்பர்களும் ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் 'த கிட்' படத்தைப் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் காசு வசூலித்து 'அம்ம அறியான்' (1986) எடுத்தார்கள். அதே ஜான்தான் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவர். படம் எடுக்கிறவனும் பார்க்கிறவனும் நடுவில் யாருமில்லாமல் சந்தித்துக்கொள்ள முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி. உங்கள் வாசகர் வட்டம் போன்ற இடங்கள் மாவட்டத்துக்கு இருபது இருந்தால் போதும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

வினோத்ராஜின் இரண்டாவது படம் 'கொட்டுக்காளி' தியேட்டருக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 23. அதே நாளில்தான் நம்ம மாரி செல்வராஜின் 'வாழை'யும் வந்தது. ஒன்று மதுரைப் பக்கம், ஒன்று எங்கள் புளியங்குளம். ஒரே வெள்ளிக்கிழமையில் தென்மாவட்டத்து இரண்டு நிலங்கள் அருகருகே திரையில் நின்றதை நான் பெரிய விசேஷமாக நினைத்தேன். 'கொட்டுக்காளி'யைத் தியேட்டரில் வெளியிட்டிருக்கவே வேண்டாம் என்று சினிமாக்காரர்களே பேசியதைக் கேட்டு மனசு நொந்துபோனது. யாருக்கு எதைக் காட்டலாம் என்று முடிவு செய்ய இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

புளியங்குளம் இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். மாரி செல்வராஜ் அந்த ஊர்ப் பிள்ளை. ராமிடம் வேலை கற்று, பா. ரஞ்சித்தின் நீலம் புரொடக்ஷன்ஸ் தயாரித்த முதல் படமாக 2018-ல் 'பரியேறும் பெருமாள்' எடுத்தார். அதுவரை எங்கள் பக்கத்து ஊர்களின் பெயர் திரையில் வந்தால் அரிவாளும் சுமோவும் பின்னால் வரும். தூத்துக்குடி என்றாலே அடியாள் என்று வெளியூரில் வேலைக்குப் போன நம் பையன்களைக் கேலி செய்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் படத்தில் முதல் தடவையாக எங்கள் ஊர் ஆட்கள் நடக்கிற நடையோடு, கும்பிடுகிற சாமியோடு, வளர்க்கிற நாயோடு வந்தார்கள். கதாநாயகனின் அப்பாவாக வந்த வண்ணாரப்பேட்டை தங்கராஜ் நெல்லைக் கூத்துக் கலைஞர், பெண் வேஷம் கட்டி ஆடியவர். அவருடைய வேட்டியை அவிழ்த்து அவரை ஓடவிடுகிற அந்தக் காட்சியை என்னால் இரண்டாவது தடவை முழுசாகப் பார்க்க முடியவில்லை. எந்தப் பணத்தாலும் அப்படி ஒரு முகத்தைக் கொண்டுவர முடியாது. அவரை எங்கே தேடுவது என்று தெரிந்தவர் எடுத்த படம் அது.

கடைசியாக, முள்ளக்காட்டு உப்பளத்தில் வேலை பார்க்கும் அம்மாவின் மகள், "எங்க அம்மாவ வச்சு ஒரு படம் எடுக்க எவ்வளவு ஆகும் டீச்சர்?" என்று உங்களைக் கேட்டது பற்றி. நீங்கள் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். தொகையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மா விடிகிறதுக்கு முன்னால் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், யாரோடு போகிறார், கேனில் கொண்டுபோகிற தண்ணீர் எத்தனை மணிவரைக்கும் வருகிறது, பாத்தியில் உப்பு வாரும்போது எந்தக் கை முதலில் ஓய்கிறது, அடுத்த பாத்திக்காரியோடு என்ன பேசுகிறார், எப்போது பேச்சு நின்றுபோகிறது, மழைக்காலத்தில் வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவளுக்குத் தெரிந்திருப்பது சென்னையிலிருந்து கேரவனோடு வருகிற எவருக்கும் தெரியாது.

பிறகு வெளிச்சம். உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் வராது, வெள்ளை வெளேரென்ற உப்பிலிருந்து திரும்பிக் கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கும். தாடைக்கும் கண்குழிக்கும் வெளிச்சம் கொடுக்கக் காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டாம், உப்பே கொடுக்கும். ஆனால் பின்னால் உப்புக் குவியல் இருந்தால் கேமரா அந்த வெள்ளையை நம்பி அம்மாவின் முகத்தைக் கருப்பாக்கிவிடும். காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் ஒரே இடத்தில் அம்மாவை நிற்க வைத்துக் கைபேசியில் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பாடம் அதிலேயே முடிந்துவிடும். கடற்காற்று மைக்கில் மோதிக் குரலை விழுங்கிவிடும். மைக்குக்குப் பஞ்சு உறை வேண்டும், அது பெரிய செலவில்லை. அளத்துக்காரரிடம் முறையாகச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவின் வேலைக்கு ஆபத்து. இது எல்லாவற்றுக்கும் மேலே, அம்மாவிடம் கேட்க வேண்டும். என்னை எதுக்குப் படம் எடுக்கே என்று அவர் கேட்டால் அதற்குப் பதில் இருக்க வேண்டும்.

அந்த நோட்டை எனக்கு ஒரு தடவை படிக்க அனுப்பச் சொல்லுங்கள். பிழையைத் திருத்தவோ தட்டிக் கொடுக்கவோ கேட்கவில்லை. இடம் இடமாகக் கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவேன். அடுத்த திரையிடலுக்கு நானும் வருகிறேன். திருச்செந்தூர்ப் பக்கம் வேலை இருக்கிறது. அதை முடித்துக்கொண்டு அப்படியே தூத்துக்குடிக்கு பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம். துறைமுகத்துப் பெரியவர் கண்டிப்பாக இருக்க வேண்டும், அவரோடு எனக்குப் பேச்சு பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஸ்ரீவைகுண்டத்து நண்பர்